பேசாத வீட்டில் ஓர் எழுத்தாளர்

மார்ச் 3

சோபாக்கடை வேலையை இன்றோடு உதறினேன். டை கட்டிய மேலாளர் கூப்பிட்டு, "இந்த சோபாவுல உக்காந்துதான் ஒரு நீதிபதி தீர்ப்பெல்லாம் எழுதினார்னு கஸ்டமர்கிட்ட சொன்னீங்களா? போன வாரம் வந்த சோபா சார் அது!" என்றார். பஞ்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வாழ்கிற பிறவிக்குக் கற்பனை என்றால் என்ன தெரியும்? "நாளையிலேர்ந்து வராதீங்க" என்று அவரும், "நாளையிலேர்ந்து வரமாட்டேன்" என்று நானும் ஏறத்தாழ ஒரே மூச்சில் சொன்னோம். என்னுடையதுதான் முந்தியது.

படியிறங்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். இனி நான் எழுத்தாளன். எவன் கீழும் சம்பளத்துக்கு நிற்காமல், சொந்தமாக எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கிற எழுத்தாளன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. நான் எதையும் இழக்கவில்லை.

அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வேலையை விட்டுட்டியா?"

"எழுத்தாளன் ஆயிட்டேன்க்கா."

"அது காலையில எத்தனை மணிக்கு?"

இதற்கெல்லாம் பதில் சொன்னால் என் தரம் என்னாவது?

"சரி, அந்த ஆள்கிட்டயும் சொல்லிடு" என்று பின்னறைப் பக்கம் கையைக் காட்டினாள். அந்த ஆள் என்றால் அத்தான், அவளுடைய புருஷன். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். நாள் முழுக்கப் பல் அச்சு வார்க்கும் மாவுத்தூளுக்கு நடுவில் மெஷினை ஓட்டிக்கொண்டு, ஊரார் சிரிக்கப் பல் செய்கிறார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. ஹாலுக்கு வெளிர்நீலமா கிரீமா என்று பெயின்டர் முன்னால் தகராறு. "நீ சும்மா இரு, உனக்கென்ன தெரியும்" என்று அத்தான் ஒரு வார்த்தை விட்டார். அன்றைக்கு அடைத்த வாய்தான். ஹால் சுவர் இன்னும் வெறும் வெள்ளைப்பூச்சோடு நிற்கிறது. இங்கே சொல்வதை அங்கேயும், அங்கே சொல்வதை இங்கேயும் சேர்ப்பது நான். முன்னறையில் நான் ஒருத்தன் இல்லாவிட்டால் இந்த வீட்டில் உப்பு டப்பாகூட இடம் மாறாது.

மார்ச் 6

"கடலின் மர்மங்கள்", முப்பத்தெட்டுப் பக்கம், வார இதழுக்கு அனுப்பியாயிற்று. கடலை நான் இரண்டு தடவை நேரிலேயே பார்த்தவன்.

மார்ச் 15

வார இதழ் ஆசிரியரிடமிருந்து பதில். "தங்கள் படைப்பைப் பயன்படுத்த இயலவில்லை. நன்றி, வணக்கம்." முப்பத்தெட்டுப் பக்கத்துக்கு ஒரு வரி! அதிலும் பாதி கும்பிடு. இனி இவருக்கு நன்றிவணக்கம் என்றே பெயர். கடலைக் கொண்டுபோய் இவர் வாசலில் விட்டேன், கால் நனைக்கக்கூடத் துப்பில்லை.

அக்கா மகள் வேறு ஊரில் கணக்காளர். இன்று போனில் பேசினாள். "மாமா, முழுசா எழுதி அனுப்பாதீங்க. என்ன எழுதப்போறேன்னு நாலு வரி. அதை ஏன் நான் எழுதணும்னு ஒரு வரி. பிடிச்சிருந்தா அவங்களே கேப்பாங்க."

"ஏன் நான்னா? எனக்கு எழுத வருதுங்கிறதுனால."

"அது எல்லாரும் சொல்றது மாமா."

சோபாவின் ஒரு காலை மட்டும் காட்டி, மீதி பிடித்திருந்தால் அனுப்புகிறேன் என்று எந்தக் கடையிலாவது விற்கிறார்களா? பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் வாங்குவார்களாம். வியாபாரம் தெரியாத கூட்டம்.

மார்ச் 21

இந்த வாரத்தில் ஏழெட்டு ஆசிரியர்களுக்கு நாலு நாலு வரி அனுப்பினேன். விண்வெளி, மூளை, வரப்போகும் போர், இதயம் காக்க எளிய வழி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இது சரிவராது என்று நாளிதழின் ஞாயிறு இணைப்பைப் பார்க்கும் ஆசிரியரை நேரிலேயே பிடிக்கக் கிளம்பினேன்.

அறிவாளிகள் உட்காரும் இடம் என்று நினைத்துப் போனால், உட்காரவே இடமில்லை. நாற்காலி மேலெல்லாம் பழைய பேப்பர் கட்டு. இருந்த ஒரு சோபாவுக்கு ஸ்பிரிங் செத்துப் பல நாள் ஆகியிருக்கும். ஆசிரியர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கண் கம்ப்யூட்டரில், ஒரு கண் குழம்பில்.

"எதுல எழுதியிருக்கீங்க?"

"இனிமேதான் எல்லாத்துலயும்."

"என்ன எழுதுவீங்க?"

"நீங்க சொல்லுங்க. எதை வேணும்னாலும்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "எதை வேணும்னாலும் எழுதற ஆளு இந்த வராண்டா பூரா இருக்காங்க சார். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது, வேற எவனுக்கும் தெரியாதது, ஏதாவது உண்டா?"

"நிறைய."

"ஒண்ணு சொல்லுங்க."

சொல்லியிருப்பேன். ஆயிரம் இருந்தது நாக்கு நுனியில். ஆனால் வாயில் பருக்கையோடு கேட்கிறவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? எழுந்து வந்துவிட்டேன். நான் வெளியேறிய விதத்தைப் பார்த்து அந்த அலுவலகமே ஸ்தம்பித்துப் போயிருக்கும்.

மார்ச் 27

காலையில் அக்கா சமையலறையிலிருந்து, "டேய், பால் தீந்துபோச்சுன்னு சொல்லு" என்றாள்.

பால் தீர்ந்துவிட்டது. இதில் என்ன இருக்கிறது? வெறும் செய்தியைத் தூக்கிக்கொண்டு போக நான் என்ன கூரியர் ஆளா? எதையும் கொஞ்சம் தாளித்துக் கொடுத்தால்தான் கேட்கிறவர் காதில் ஏறும். பின்னறைக்குப் போய், "அத்தான், இந்த வீட்ல பால் வாங்க ஒரு ஆம்பளை இருக்காரான்னு அக்கா கேக்குறா" என்றேன். அவர் மெஷினை நிறுத்தாமல், "வாங்கிட்டு வரேன்னு சொல்லு" என்றார். அக்காவிடம் வந்து, "உனக்குக் கை இல்லையா கால் இல்லையான்னு கேக்குறார். இருந்தாலும், போய்த் தொலையறேன்கிறார்" என்றேன். அக்கா கரண்டியைப் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். வீடு என்றால் ஒரு உயிர்ப்பு வேண்டாமா?

பால் வந்து, டீ குடிக்கும்போதுதான் பளிச்சென்றது. உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்றாரே அந்தக் குழம்புக்காரர், இதைவிட எனக்கு மட்டும் தெரிந்தது வேறென்ன? உடனே எழுதினேன்:

"ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் சொல்வதை மற்றவரிடம் கொண்டுபோவது மனைவியின் தம்பி. அந்தத் தம்பி நான்தான். அந்த வீடு எப்படி ஓடுகிறது என்று எழுத விரும்புகிறேன்."

படிக்கவே வறட்சியாக இருந்தது. என் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்க இடமில்லை. குழம்புக்காரருக்குக் கொடுப்பேனா? வழவழப்பான தாளில் வருகிற மாத இதழ் ஒன்று இருக்கிறது, அதற்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 2

வந்துவிட்டது! மாத இதழ் ஆசிரியர் அம்மாவே போன் செய்தார். பத்திரிகை உலகத்தில் மூளை உள்ள ஒரே ஜீவன். குரல் நடுங்கியது, உணர்ச்சிவசப்பட்டிருக்க வேண்டும். ஜலதோஷம் என்று அவர்தான் சொன்னார், நான் நம்பவில்லை.

"அவங்க ரெண்டு பேருக்கும் நீங்க எழுதறது தெரியுமா?"

"தெரியுமாவா? அக்கா என் தலைமேல கைவச்சு ஆசீர்வாதம் பண்ணாங்க மேடம்."

"நல்லது. பேரெல்லாம் வேண்டாம். அவங்க என்ன பேசினாங்க, நீங்க எப்படிக் கொண்டுபோனீங்க, அதான் முக்கியம். அவங்க சொன்னதா நீங்க எழுதற ஒவ்வொரு வரியையும் எங்க பொண்ணு ஒருத்தி போன் பண்ணிச் சரிபார்ப்பா. அது எங்க வழக்கம்."

"தாராளமா" என்றேன். தாராளமா என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 5

சலூனில் சொல்லியாயிற்று. முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "பத்திரிகையில உங்க பேரே வருமா சார்?" என்றார். பேரா? அட்டையில் படமே வரும் என்றேன். சோபாக்கடைக்கும் போய், மேலாளர் காதில் விழும்படி காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். இனி இது அச்சில் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அந்தத் தெரு வழியாக நடக்க முடியாது.

ஏப்ரல் 10

கட்டுரை போய்விட்டது. என்ன கட்டுரை! அத்தான் பேசுகிற இடங்கள் இடி மாதிரி. அக்கா பேசுகிற இடங்கள் கத்தி மாதிரி. இரண்டு பேரும் தங்கள் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

சரிபார்க்கிற பெண்ணுக்காக இருவர் போன் நம்பரையும் கேட்டிருந்தார்கள். இரண்டு ராத்திரி தூங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பிறகு நிதானமாக யோசித்தால், பயப்பட என்ன இருக்கிறது? "குடும்பப் பொறுப்பைப் பத்திக் கேப்பாங்க, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லு" என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன். "பல் தொழிலைப் பத்திக் கேப்பாங்க, ஆமான்னு சொல்லிடுங்க" என்று அத்தானிடம். அப்படியே இரண்டு பேரும் சந்தேகப்பட்டாலும், ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் பார்க்கவா போகிறார்கள்? பேசிக்கொள்ளாத இரண்டு பேர். இதைவிடப் பத்திரமான சாட்சி எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்?

ஏப்ரல் 16

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சரிபார்க்கிற பெண் போன் செய்தாளாம், அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. ஹாலைத் தாண்டி நேரே பின்னறை. இரண்டு வருஷமாக அவள் மிதிக்காத வாசல். மெஷின் நின்றது.

"என் சமையலைச் சாப்பிடறதுக்கு இந்தப் பல் மாவையே கரைச்சுக் குடிக்கலாம்னு சொன்னீங்களா?"

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உப்புக் கொஞ்சம் கம்மின்னு சொன்னேன்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீ... பொய்ப்பல் செய்யற கைக்கு நிஜம் எங்கே தெரியப்போகுதுன்னு..."

"நானா? அந்த மாதிரியெல்லாம் எனக்குப் பேச வருமா?"

இல்லைதான். அது என் வரி. நல்ல வரி.

பிறகு ஆரம்பித்தார்கள் பாருங்கள். பால், கரன்ட் பில், மகள் ஊருக்குப் போன அன்று, அக்காவுக்குக் காய்ச்சல் வந்த அன்று! ஒவ்வொன்றாக. நீங்க இப்படிச் சொன்னீங்களா, நீ அப்படிச் சொன்னியா. இல்லை, இல்லை, இல்லை. ஒரு எழுத்தாளனின் இரண்டு வருஷ உழைப்பை இப்படியா உரித்துப் போடுவார்கள்? நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். என்ன பிரயோசனம், அந்தச் சுவருக்கு அப்புறம்தான் பின்னறை.

கடைசியில் அக்கா கேட்டாள். "அந்த பெயின்டர் வந்துட்டுப் போன மறுநாள் காலையில, என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"அவளுக்குப் பிடிச்ச கலரையே அடிக்கச் சொல்லுன்னு சொன்னேன்."

"பிடிச்ச கலரை அடிச்சுக்கிட்டு அவளே சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடக்கட்டும்னு இல்லையா?"

அப்புறம் அக்கா அழுவது கேட்டது.

நான் என்ன, பெரிதாகவா சேர்த்தேன்? நாலு சொல். வெறுமனே போய் "உனக்குப் பிடிச்சதை அடிக்கலாமாம்" என்றால் அதில் என்ன இருக்கிறது? அன்றைக்கு ஒரு சுவாரஸ்யம். ஒரு நாள் முறைத்துக்கொள்வார்கள், மறுநாள் சரியாகும் என்று... நாலே சொல்தானே. யாருக்குத் தெரியும் இப்படி...

ஏப்ரல் 17

இன்று என்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை.

ஏப்ரல் 20

மாத இதழ் அம்மா போன் செய்தார். ஜலதோஷம் போய்விட்டது, குரல் கல் மாதிரி. "சார், எங்க பொண்ணு அவங்ககிட்ட மறுபடியும் பேசினா. ரெண்டு பேரும் ஒரே போன்ல, பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசினாங்களாம். நீங்க எழுதின பேச்சுல ஒரு வரிகூட அவங்க பேசினது இல்லை. ஆசீர்வாதமும் இல்லை."

"மேடம், சாரம் சரியா இருக்கும். அழகுக்காகக் கொஞ்சம்..."

"இதை நான் போட முடியாது."

சலூன், காவலாளி, அந்த டை கட்டிய முகம் எல்லாம் கண்முன் வந்தது. போனை வைக்கப் போனவர் நிறுத்தி, "ஒண்ணு கேக்கறேன். அவங்க சொன்னது ஒண்ணு, நீங்க போய்ச் சொன்னது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதித் தர்றீங்களா? நீங்க செஞ்சதை, செஞ்ச மாதிரியே. அப்படி வந்தா ஜூன் இதழ்ல போடறேன்" என்றார்.

என்னை நானே கோமாளியாக்கி, கீழே என் பெயரையும் போட்டுக்கொள்ள வேண்டுமாம். மூளை உள்ள ஜீவன் என்று எழுதினேனே, வாபஸ். இவர்களுக்குக் கற்பனையும் வேண்டாம், நடையும் வேண்டாம். பால் தீர்ந்தால் பால் தீர்ந்தது என்று எழுதுகிறவன்தான் வேண்டும். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.

ஏப்ரல் 23

அக்கா என்னோடு பேசுவதில்லை. "அவனைச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்று என் காதுபடவே அத்தானிடம் சொல்கிறாள். அத்தான் முன்னறை வரை நடந்து வந்து, "சாப்பிட வரணுமாம்" என்கிறார். திரும்பிப் போய்விடுகிறார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. செய்தி சொல்கிற லட்சணமா இது? உயிரே இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால்... சரி.

சாப்பிடும்போது மெல்ல, "மாப்ளே, அந்தப் பொண்ணு உன் கட்டுரையைப் படிச்சுக் காட்டுச்சு. அதுல நான் நல்லாத்தான் பேசறேன்" என்றார். கிண்டலா, பாராட்டா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது. பல் அச்சு மாதிரி முகம்.

ஏப்ரல் 29

வேறு வழியில்லை. ஜூன் இதழ் என்று போன வாரம் சலூனில் வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன். எழுதுவது என்று உட்கார்ந்தால், என் வரிகள் எல்லாம் நினைவிருக்கிறது. அவர்கள் சொன்னது ஒன்றுகூட நினைவில்லை. அத்தனையும் அவ்வளவு சப்பையான வரிகள்.

அத்தானிடம் போனேன். "காய்ச்சல் வந்த அன்னிக்கு அக்கா உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினான்னு அக்காகிட்டக் கேளுங்க." போனார், வந்தார். "'ராத்திரி தனியா இருக்கப் பயமா இருக்கு, கதவைத் திறந்து வச்சுக்கச் சொல்லு' அப்படின்னாளாம்." நான் என்ன சொன்னேன் என்று அவரே நினைவுபடுத்தினார். "செத்தா தூக்கறதுக்காவது கதவைத் திறந்து வைக்கச் சொன்னான்னு சொன்னே." அதைச் சொல்லும்போதும் குரலை ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இப்படியே நாள் முழுக்க நடந்தார் மனிதர், பின்னறைக்கும் சமையலறைக்கும் முன்னறைக்குமாக. அவர் வாயில் வந்ததை எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது.

மே 6

ஹாலில் உட்கார்ந்து படித்தேன். அனுப்பும் முன் படித்துக் காட்ட வேண்டும் என்பது அத்தான் மூலமாக அக்கா போட்ட நிபந்தனை. மூன்றே பக்கம். இதில் என் எழுத்து எங்கே இருக்கிறது? யார் வேண்டுமானாலும் எழுதலாம். அத்தான் நாற்காலியில். அக்கா சமையலறை நிலைப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பெயின்டர் இடத்தைத் தாண்டி இரண்டு பத்தி போயிருப்பேன்.

"டேய்."

நிறுத்தினேன்.

"அந்த வரியை இன்னொரு தடவை படி."

"எது?"

"அவரு சொன்னது."

"'அவளுக்குப் பிடிச்ச கலரையே அடிக்கச் சொல்லு.'"

திரும்பவில்லை. "சரி, மேல படி" என்றாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியில் எப்போதும் மாவுதான்.

மே 11

சரிபார்க்கும் பெண் கூப்பிட்டாளாம். எல்லா வரிக்கும் ஆமாம் சொன்னார்களாம். பெரிய சாதனைதான்.

ஜூன் 14

இதழ் வந்து நாலைந்து நாளாகிறது. அட்டையில் என் படம் இல்லை. அட்டைக்கு வேறொருவருடைய பல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். உள்ளே, கீழே, சின்ன எழுத்தில் என் பெயர். சலூனுக்கு இன்னும் போகவில்லை. முடி அப்படி ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

இன்று அத்தானிடம் செய்யக் கொடுத்த பல்லை வாங்கிப் போக ஒரு பல் மருத்துவர் வீட்டுக்கே வந்தார். ஹாலில் உட்கார்ந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "சார் பேரைப் பத்திரிகையில பாத்தேனே! என் கிளினிக்ல பேஷன்ட் உக்கார்ற இடத்துல கிடந்தது. படிச்சேன். வயிறு குலுங்கச் சிரிச்சேன், கடைசியில ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார். அக்கா டீ கொண்டுவந்தாள். அத்தான் பல்லைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். மருத்துவர் அவர்கள் இருவரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. அந்தத் தம்பி... நீங்கதானா சார்?"

"சேச்சே" என்றேன். "எல்லாம் கற்பனை டாக்டர். முழுக்க முழுக்க கற்பனை."

சொல்லிவிட்டு டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான்தான் வாய் திறந்தார். "ஆமா டாக்டர். எங்க மாப்பிள்ளைக்குக் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி."

"எங்க வீட்ல பாருங்க, நாங்க வாய் ஓயறதே இல்லை" என்று அக்கா வேறு சேர்த்துக்கொண்டாள். அவளுக்கா இப்படியெல்லாம் பேச வராது?

மருத்துவர் பெரிதாகச் சிரித்தார். "அதானே! நிஜத்துல எந்த மனுஷனாவது இப்படிப் பண்ணுவானா?"

என்ன மருத்துவரோ. பல்லைத் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியாதவர்.